கோவளம் கரை யாருக்கு? கோடைக் கூட்டமும் கடலோர மக்களின் உரிமையும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்களுக்குத் தமிழகத்தின் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் கடலுக்குள் போகக் கூடாது. பள்ளிகளின் கோடை விடுமுறையும் ஏறக்குறைய இதே நாட்களில்தான் வருகிறது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு, திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகச் சுமார் 75 கிலோமீட்டர் போனால் கோவளம். ஒலிமுகமதுபேட்டையிலிருந்தும் சுற்றுப்புற மஹல்லாக்களிலிருந்தும் வேன் பிடித்துக் கிளம்பும் குடும்பங்களுக்கு அது ஒரு நாள் பயணம். காலையில் தர்கா, மதியம் மீன் சாப்பாடு, மாலையில் கடல்.

2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன்வரை கோவளம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஊர். பிரிவினைக்குப் பிறகு நம் மாவட்டத்துக்குக் கடலே இல்லை. எல்லை மாறினாலும் உறவு மாறவில்லை. அங்கே நமக்குச் சம்பந்தம் செய்த வீடுகள் உண்டு, வியாபாரத் தொடர்பு உண்டு. ஆகவே அந்தக் கரையில் நடப்பது நமக்கு அந்நியச் செய்தி அல்ல.

இன்று கோவளத்துக்கு நாம் மட்டும் போகவில்லை. அலைச்சறுக்குப் பலகையோடு இளைஞர்கள் வருகிறார்கள். சென்னையின் ஐ.டி. நிறுவன ஊழியர்கள் வார இறுதியில் குவிகிறார்கள். முதுகில் அழுத்தப்பட்ட காற்று நிரப்பிய உருளை கட்டி முக்குளிக்கக் கற்றுக்கொள்ளும் ஸ்கூபா ஆர்வலர்களும் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தேடி வருகிறார்கள். ஒரு சிறிய மீனவ ஊர் சில ஆண்டுகளில் சுற்றுலாத் தலமாகிவிட்டது. இது நல்லதா கெட்டதா என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். வருகிறவர்கள் பெருகப் பெருக, அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதில் இடம் மிஞ்சுமா?

பந்தர் என்று பெயர் பெற்ற ஊர்

கோவளத்துக்குச் சாதத் பந்தர் என்றும் ஒரு பெயர் உண்டு. பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். ஆற்காடு நவாபுகளின் ஆட்சியில் இங்கே கோட்டை எழுந்தது. 1720களில், இன்றைய பெல்ஜியம் பகுதியிலிருந்து புறப்பட்ட ஒஸ்தெண்ட் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்து வணிகம் செய்தது. ஐரோப்பிய அரசியலின் நெருக்கடியால் அந்தக் கம்பெனி 1731-இல் மூடப்பட்டது. பிறகு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட கர்நாடகப் போர்களில் இந்தக் கோட்டையும் பந்தாடப்பட்டது. 1752-இல் இராபர்ட் கிளைவ் அதைக் கைப்பற்றினார், பிறகு அது தகர்க்கப்பட்டது. கோட்டை இருந்த இடத்தில் 1970களில் ஐந்து நட்சத்திர விடுதி ஒன்று வந்தது. ‘மீனவர் வளைகுடா’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு இன்றும் அது நடக்கிறது.

கடற்கரையில் தமீமுல் அன்சாரி தர்கா இருக்கிறது. பத்ரு போரில் கலந்துகொண்ட நபித்தோழர் ஒருவரின் உடல் கடலில் மிதந்து வந்து இங்கே கரை சேர்ந்தது என்பது அந்தத் தர்காவின் மரபுச் செய்தி. அதன் வரலாற்று ஆதாரம் குறித்தும் ஜியாரத் முறைகள் குறித்தும் நமக்குள் கருத்து வேறுபாடுகள் உண்டு. அவை வேறு இடத்தில் பேச வேண்டியவை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. தர்காவும் கார்மேல் மாதா ஆலயமும் மீனவர்களின் கோயில்களும் ஒரே கரையில் அருகருகே நிற்கின்றன. மூன்று சமயத்தாரும் அந்த ஊரில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து வாழ்கிறார்கள். அவர்களை இணைத்து வைத்திருப்பது கடலும் மீனும் சந்தையும்தான்.

கோவளத்துக்காகச் சண்டையிட்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நவாபும் இல்லை, ஒஸ்தெண்ட் கம்பெனியும் இல்லை, கிளைவும் இல்லை. கோட்டைக்கு வெளியே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மட்டும் இன்னும் அங்கே வலை உலர்த்துகிறார்கள். பீரங்கிகளால் அவர்களைக் கிளப்ப முடியவில்லை. நில விலை கிளப்பிவிடுமோ என்பதுதான் இன்றைய அச்சம்.

மாற்றம் எப்படி வந்தது?

முதலாவது, சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்படுத்தப்பட்டுச் சுங்கச் சாலையானதும் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலுள்ள ஊர்கள் எல்லாம் நகரத்தின் புறக்கடைக்கு வந்துவிட்டன. கேளிக்கைப் பூங்காக்களும் பண்ணை வீடுகளும் ரிசார்ட்டுகளும் வரிசையாக எழுந்தன.

இரண்டாவது, சுனாமி. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு மீனவர் வீடுகளைக் கட்டித்தர அரசு முன்வந்தது நல்ல செயல். ஆனால் 2005 மார்ச்சில் வருவாய்த் துறை பிறப்பித்த 172ஆம் எண் அரசாணையில் ஒரு நிபந்தனை இருந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே தள்ளிப் போனால் இலவச வீடு கிடைக்கும், பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும். போக மறுப்பவர்கள் தங்கள் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. உயிர்ப் பாதுகாப்பு என்ற நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மீனவருக்கு ஆபத்தான இடம் என்று சொல்லப்பட்ட அதே கடற்கரைப் பட்டையில் விடுதிகளுக்கு ஆபத்தில்லையா என்று அன்றைக்கே தமிழகக் கடலோரம் முழுவதும் கேள்வி எழுந்தது. அதற்கு யாரும் திருப்தியான பதில் சொல்லவில்லை.

மூன்றாவது, அலைச்சறுக்கு. இந்த அத்தியாயத்தை எழுதியவர் வெளியூர்க்காரர் அல்லர், கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன். கடலைப் பார்த்தே வளர்ந்தவர், தானாக அலையேறக் கற்றுக்கொண்டார். பிறகு நண்பர்களின் துணையோடு ஒரு பயிற்சிப் பள்ளி உருவானது. 2013 முதல் அங்கே அலைச்சறுக்கு, இசை விழாக்கள் நடந்தன. ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி. ஆனால் பள்ளிக்கூடம் போக வேண்டும், குடியும் புகையும் கூடாது என்று அவர் வைத்த கட்டுப்பாடு பரவலாகப் பேசப்பட்டது. மதுவால் சீரழியும் குடும்பங்களைக் கண்ட எந்த மஹல்லாவும் இதன் அருமையை உணரும். கடற்கரையில் படகுத் துடுப்பைத் தவிர வேறெதையும் காணாத பிள்ளைகள் இன்று பயிற்சியாளர்களாகவும் உயிர்காப்பாளர்களாகவும் சம்பாதிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் பக்கத்து மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப் போட்டியே நடந்தது.

நான்காவது, நீலக்கொடி. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அமைப்பு ஒன்று உலகெங்கும் தூய்மையான கடற்கரைகளுக்கு வழங்கும் சான்றிதழ் இது. நீரின் தரம், பாதுகாப்பு, கழிவு மேலாண்மை, விழிப்புணர்வு என 33 நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். 2021 செப்டம்பரில் கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் இதைப் பெற்றன. கழிப்பறை, உடை மாற்றும் அறை, குளியல் வசதி, கண்காணிப்புக் கோபுரம், மாற்றுத்திறனாளிகளுக்கான பாதை எல்லாம் வந்தன. பெண்களோடும் பிள்ளைகளோடும் போகும் நம் குடும்பங்களுக்கு இவை பெரிய ஆறுதல். இதை மறைத்துவிட்டுக் குறைகளை மட்டும் பேசினால் நீதியாகாது.

ஒரே மணல், இரண்டு தேவை

பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்ப்போம். கோவளத்தில் பெரிய மீன்பிடித் துறைமுகம் கிடையாது. ஃபைபர் படகுகளை மணலிலேயே இழுத்துப் போடுகிறார்கள். அந்த மணல்தான் அவர்களின் துறைமுகம், பணிமனை, ஏலக்கூடம், உலர்களம். வலையைப் பிரிப்பதும் பழுது பார்ப்பதும் கருவாடு காயவைப்பதும் அங்கேதான்.

சுற்றுலாப் பயணிக்கு அந்த மணல் ஓய்விடம். படகு நிற்பது அவருக்கு இடைஞ்சல், மீன் நாற்றம் அருவருப்பு, வலை குப்பை மாதிரித் தெரிகிறது. ‘சுத்தமான கடற்கரை’ என்ற சொல்லுக்குள் இந்தப் பார்வை ஒளிந்துகொண்டால், முதலில் சுத்தம் செய்யப்படுவது மீனவர்தான்.

தடைக்காலத்தில் இந்த நெருக்கடி இன்னும் கூடுகிறது. விசைப்படகுகள் நின்றுவிடுவதால் சந்தையில் மீன் குறைந்து விலை ஏறும். சிறு படகுக்காரருக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும் காலம் அதுதான். சரியாக அதே வாரங்களில்தான் கோடைக் கூட்டமும் அதே மணலில் இறங்குகிறது. விசைப்படகில் கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கோ வருமானமே நின்றுவிடுகிறது. தடைக்கால நிவாரணத்தைத் தமிழக அரசு 8,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. 61 நாளைக்கு அதைப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். நாம் கோவளத்தில் ஒரு குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் ஐஸ்கிரீமையும் பொரித்த மீனையும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த மோதல் முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். சென்னை மெரினாவுக்குத் தெற்கே நொச்சிக்குப்பத்தில் லூப் சாலை இருக்கிறது. மீனவர் குடியிருப்புக்கும் கடலுக்கும் நடுவே போடப்பட்ட சாலை அது. 2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடையூறு என்று சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநகராட்சி மீன் கடைகளை அகற்றத் தொடங்கியது. பெண்கள் சாலையில் மீனைக் கொட்டிப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. தலைமுறைகளாக மீன் விற்ற இடத்தில் பின்னால் வந்தது சாலை. ஆனால் ஆக்கிரமிப்பாளர் என்ற பெயர் மீன்காரிக்கு வந்தது. வரிசை எப்படித் தலைகீழாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோரக் கிராமப் பகுதிகளில் கட்டுமானம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கடற்கரையில் சுற்றுலாவுக்கான தற்காலிக வசதிகளுக்கும் வழிவிட்டது. நெருக்கமாக வாழும் மீனவர் தங்கள் வீட்டைக் கட்டிக்கொள்ள இது உதவும் என்பது அரசின் வாதம். பணம் உள்ளவருக்கும் அதே கதவு திறக்கும் என்பது மீனவ அமைப்புகளின் எதிர்வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. கதவு யாருக்குத் திறந்தாலும், முதலில் நுழைகிறவர் கையில் காசு உள்ளவர்.

அதே அறிவிக்கையில் மக்களுக்குப் பயன்படும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, மாநில அரசு தயாரிக்கும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவர் குடியிருப்புகளையும், படகு நிறுத்துமிடம், வலை உலர்த்துமிடம் போன்ற பொது இடங்களையும் குறிக்க வேண்டும். வரைபடத்தில் இடம்பெறாத பொது இடம் நாளைக்கு ‘காலி மனை’ ஆகிவிடும். இரண்டு, கடலோர மக்கள் தங்கள் வீடுகளிலேயே விருந்தினரைத் தங்கவைத்துச் சுற்றுலாவில் பங்கு பெறலாம். நிலத்தை விற்காமலே சுற்றுலாவில் சம்பாதிக்க இது ஒரு வழி. கோவளத்தில் உள்ள முஸ்லிம் குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கடலே மாறிக்கொண்டிருக்கிறது

மனிதர்களின் போட்டிக்கு நடுவே கடலும் தன் பாட்டுக்கு மாறுகிறது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை ஆராய்ந்ததில், தமிழகக் கடற்கரையில் 42.7 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகிறது என்று கண்டது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்லைக் கொட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் கட்டியபோது தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் கரைந்ததும் இப்படித்தான். ஆகவே ஓர் ஊரைக் காப்பாற்றப் போடும் தூண்டில் வளைவு பக்கத்து ஊரைக் கரைக்கக் கூடும். ஊருக்கு ஊர் தனித்தனியாகக் கல் கேட்பது தீர்வாகாது.

சென்னையின் தாகமும் இந்தக் கரையில்தான் தீர்க்கப்படுகிறது. கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியில் 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும், 2024-இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையமும் வந்தன. நீரைப் பிரித்த பின் மிஞ்சும் அடர்த்தியான உப்புநீர் மீண்டும் கடலுக்கே போகிறது. பக்கத்து மீனவக் குப்பங்கள் அரிப்பு பற்றியும் மீன் குறைந்தது பற்றியும் புகார் சொல்லி வருகின்றன. இப்போது கோவளம் வடிநிலத்தில், திருப்போரூரை ஒட்டி, சுமார் 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் புதிய நீர்த்தேக்கம் அமைக்கும் திட்டத்தை 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநில அரசு அறிவித்தது. மழைக்காலத்தில் வீணாகக் கடலில் கலக்கும் நீரைச் சேமிப்பது என்பது நோக்கம்.

மேடையில் நின்று பார்த்தால் ‘வீணாகக் கலக்கும் நீர்’ என்றுதான் தோன்றும். முகத்துவாரத்தில் நின்று பார்த்தால் வேறு கதை. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் கழிமுகத்தில்தான் இறாலும் நண்டும் பல மீன்களும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. கழிமுகத்தில் கையால் இறால் பிடித்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். குடிநீர் வேண்டும், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் நன்னீர் வரத்தை நிறுத்தினால் கழிமுகம் என்னவாகும் என்பதை அங்கே பிழைப்பவர்களிடம் கேட்ட பிறகுதான் கரை போட வேண்டும்.

பிற ஊர்களின் பாடம்

மாலத்தீவு முழுக்க முழுக்க முஸ்லிம் நாடு, உலகெங்கிலுமிருந்து முக்குளிப்பவர்கள் தேடிப் போகும் நாடு. 1972-இல் முதல் ரிசார்ட் அங்கே திறந்தது. நீண்ட காலம் சுற்றுலா என்பது மக்கள் வாழாத தனித் தீவுகளிலேயே நடந்தது. பணமும் அங்கேயே சுழன்றது, சாதாரண மீனவக் குடும்பத்துக்குக் கூலி வேலைதான் மிஞ்சியது. 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் விடுதிகள் நடத்த அனுமதி கிடைத்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் வீட்டுக்காரர்களே விடுதிக்காரர்கள் ஆனார்கள். மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனியாக ஒதுக்கிய கடற்கரை, ஊருக்குள் கண்ணியமான உடை என்று வரையறை வைத்தார்கள். பயணிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஊர் தன் ஒழுக்கத்தைச் சொன்னால் வியாபாரம் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை என்பது இதன் பாடம்.

இலங்கையின் கிழக்கில் பொத்துவில்லை ஒட்டியுள்ள அறுகம்பை இன்னொரு பாடம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பிரதேசம், உலகப் புகழ்பெற்ற அலைச்சறுக்குக் கரை. சுனாமிக்குப் பிறகு அங்கே பெரும் சுற்றுலா நகரம் அமைக்கும் திட்டம் வந்தபோது, கரையோரக் குடிசைகளுக்குத் திரும்ப விடாமல் தடுக்கிறார்கள் என்று மீனவர்கள் கொதித்தெழுந்தார்கள். 2024 அக்டோபரில், காஸா போரின் நிழலில், அங்கே பயணிகள் கூடும் இடங்கள் தாக்கப்படலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. உடனே அந்தச் சிற்றூர் காவல்துறை முற்றுகைக்குள் வந்தது. எங்கோ நடக்கும் போர் ஒரு கடலோரச் சிற்றூரின் அடுப்பை அணைத்துவிடுகிறது. சுற்றுலா ஒன்றையே நம்பி வலையைக் கைவிட்ட ஊர் எவ்வளவு பலவீனமானது என்பதை இது காட்டுகிறது. கொரோனா ஊரடங்கிலும் இதைப் பார்த்தோம். விடுதிகள் பூட்டிக் கிடந்தபோதும் கடல் மீன் கொடுத்தது.

மூன்றாவது பாடம் நம் ஊரிலேயே இருக்கிறது. காஞ்சிப் பட்டு என்ற பெயருக்கு உலகச் சந்தையில் மதிப்பு உண்டு. அந்தப் பெயரைக் காக்கப் புவிசார் குறியீடு 2005-இல் வந்தது. கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டமும் வந்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்கப்படுகிறது, தறிக்காரரின் பிள்ளை தறியை விட்டு ஒரகடம் தொழிற்சாலைக்குப் போகிறது. பெயர் புகழ் பெறுவதும் அந்தப் பெயரைச் சம்பாதித்தவர் வயிறு நிறைவதும் வேறு வேறு. இவ்வளவு காப்பு இருந்தும் நெசவாளிக்கு இந்தக் கதி என்றால், கோவளம் என்ற பெயருக்கு எந்தக் காப்பும் இல்லாத மீனவரின் கதி என்ன?

மார்க்கம் காட்டும் வழி

கடலின் உணவைப் பற்றிப் பேசும் அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம், அதை அங்கே இருப்பவர்களுக்கும் பயணிகளுக்கும் பயன்தரும் பொருளாக ஆகுமாக்குகிறது. ஊரார், பயணி என்ற இரு தரப்பையும் சேர்த்தே குறிப்பிடுவது சிந்திக்கத் தக்கது. பயணிக்கும் கடலில் பங்கு உண்டு. ஆனால் ஊராரைத் தள்ளிவிட்டு அல்ல.

நீர், புல், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. இதையொட்டி நம் ஃபிக்ஹு நூல்களில் ‘ஹரீம்’ என்றொரு விதி உண்டு. ஓர் ஊரைச் சுற்றி, அந்த ஊர் வாழத் தேவையான மேய்ச்சல் நிலம், பாதை, களம் போன்றவை ஹரீம். தரிசு நிலத்தைப் பண்படுத்தியவர் அதற்கு உரிமையாளர் ஆகலாம். ஆனால் ஹரீமை யாரும் தனக்கென வளைத்துக்கொள்ள முடியாது. ஹனஃபி, ஷாஃபி நூல்கள் இரண்டிலும் இது இருக்கிறது. படகு இழுத்துப் போடும் மணலும் வலை உலர்த்தும் திடலும் ஒரு மீனவ ஊரின் ஹரீம் அல்லாமல் வேறென்ன?

‘ஷுஃப்ஆ’ என்ற இன்னொரு விதியும் நினைவுக்குரியது. நிலத்தை விற்கும்போது பங்காளிக்கு முதல் உரிமை என்பது பொதுக் கருத்து. ஹனஃபி மத்ஹபில் அந்த உரிமை அடுத்த வீட்டுக்காரருக்கும் உண்டு. அந்நியர் நுழைவதால் அக்கம்பக்கத்தாருக்கு ஏற்படும் தொந்தரவைத் தடுப்பது இதன் நோக்கம். இன்றைய நாட்டுச் சட்டத்தில் இதை அப்படியே செயல்படுத்த முடியாமல் போகலாம். ஆனால் நம் மனச்சாட்சிக்குள் இதைச் செயல்படுத்த யார் தடை? கடலோரத்தில் மனை வாங்கிப் போடுவது இப்போது நம் வணிகர்களிடமும் பரவியிருக்கிறது. மீனவரிடம் அவசரக் கடனுக்கு வாங்கிய நிலம் சட்டப்படி செல்லலாம். மறுமையில் கேட்கப்படும் கேள்விக்கு அந்தப் பத்திரம் போதுமா என்று யோசிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலில், கோடையில் போகும் குடும்பங்கள். பாதையிலும் நிழலிலும் நீர்நிலையிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்திருக்கிறார்கள். பிரியாணிப் பொட்டலத்தையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் மணலில் விட்டு வருவது இதற்குள் அடங்கும். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதில் தவறில்லை. ஒரு வேளையாவது ஊர்ப் பெண்கள் விற்கும் மீனை வாங்கிச் சாப்பிடுங்கள், பேரம் பேசிக் கசக்காதீர்கள். படகுகளின் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், வலையை மிதிக்காதீர்கள். அது ஒருவரின் தறி.

கடலில் இறங்குவதில் கவனம் வேண்டும். மேலே அமைதியாகத் தெரியும் இடத்திலும் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கக் கூடும். அதில் சிக்கினால் கரையை நோக்கி நேராக எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள், அவர் விசில் ஊதினால் ஏறிவிடுங்கள். உள்ளூர் மீனவர் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. நம் பிள்ளைகள் நீச்சல் கற்பதும் அவசியம். கீழக்கரை முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர்கள். முக்குளிப்பது நமக்குப் புதிய கலை அல்ல, நாம் மறந்த தொழில்.

இரண்டாவது, ஜமாஅத்துகள். சுற்றுலாப் பெருக்கம் வரும் கரையில் நிலத்தின் ஒவ்வொரு அடிக்கும் விலை உண்டு. வக்ஃபு சொத்துக்கும் அதே ஆபத்து உண்டு. 2025 ஜூனில் மத்திய அரசு ‘உமீத்’ இணையப் பதிவைத் தொடங்கியது. வக்ஃபு திருத்தச் சட்டத்தை நாம் ஏற்காவிட்டாலும் ஆவணங்களைத் திரட்டிப் பாதுகாப்பதில் அலட்சியம் கூடாது. பள்ளிவாசல், அடக்கத்தலம், தர்கா நிலங்களின் பட்டா, அளவை, எல்லைக்கல் எல்லாவற்றையும் கிழக்குக் கடற்கரைச் சாலையோர ஜமாஅத்துகள் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். அதே மூச்சில் மீனவ ஊர்ப் பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து, கடலோர வரைபடத்தில் அவர்களின் பொது இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நம் நிலத்துக்கு மட்டும் குரல் கொடுப்பவர்களின் குரல் எங்கும் எடுபடாது.

மூன்றாவது, தொழில் முனைவோர். கண்ணியமான சூழலில் தங்க இடம், ஹலால் உணவு, தொழ வசதி, பெண்களுக்குத் தனிமை. இவற்றைத் தேடி அலையும் முஸ்லிம் குடும்பங்கள் தமிழகம் முழுதும் உண்டு. இந்தத் தேவையைக் கோவளத்துக் குடும்பங்களே வீட்டு விடுதிகளாக நிறைவேற்றினால் பணம் ஊருக்குள் தங்கும். நம்மிடம் முதலீடு இருந்தால் மனையை வாங்குவதைவிட, அந்தக் குடும்பங்களோடு முதாரபா அடிப்படையில் கூட்டுச் சேரலாம். நிலம் அவர்களுடையது, உழைப்பு அவர்களுடையது, முதல் நம்முடையது, லாபத்தில் இருவருக்கும் பங்கு.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. நுழைவுக் கட்டணத்திலும் வாகன நிறுத்தக் கட்டணத்திலும் ஒரு பகுதியை ஊரின் மேம்பாட்டுக்கென ஒதுக்கி, கணக்கை ஊர் அறிய வெளியிட வேண்டும். உயிர்காப்பாளர், பயிற்சியாளர், துப்புரவு மேற்பார்வை வேலைகளில் மீனவ இளைஞருக்கு முன்னுரிமை தர வேண்டும். படகு நிறுத்தும் மணலை நீலக்கொடி எல்லைக்கு அப்பால் நிரந்தரமாக வரையறுக்க வேண்டும். நீர்த்தேக்கம், தூண்டில் வளைவு போன்ற திட்டங்களில் மீனவரைப் பயனாளியாக மட்டும் பார்க்காமல் கடலை அறிந்த நிபுணராக அழைத்துக் கேட்க வேண்டும்.

கோவளத்துக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. போக வேண்டும், பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும், படைத்தவனின் வல்லமையை அந்த அலைகளில் உணர்த்த வேண்டும். ஆனால் விருந்தாளி விருந்தாளியாகப் போக வேண்டும். வீட்டுக்காரரை எழுப்பிவிட்டு அவர் கட்டிலில் படுப்பவருக்கு விருந்தாளி என்று பெயரில்லை. கரையில் இருப்பவருக்கும் கரைக்கு வருபவருக்கும் கடலில் பங்கு வைத்தவன் அல்லாஹ். அந்தப் பங்கை நேர்மையாகப் பிரித்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது. அதற்கு அவன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக.